தோள் பொருந்தினால் பாதி வேலை முடிந்தது: தையல் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். அளவு சரியாகத்தான் எடுத்தேன், பேட்டர்னில் (துணி வெட்ட வடிவம் வரைந்த தாள்) சொன்னபடிதான் வெட்டினேன், போட்டுப் பார்த்தால் வேறு யாருக்கோ தைத்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள். அதனால் ஜிப் வைப்பது, ஓவர்லாக் மெஷின் வாங்குவது பற்றியெல்லாம் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதை அடுத்த இதழில் பார்க்கலாம். இன்றைக்கு முழுக்க அளவுதான்.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் ஒரு பேப்பர் பேட்டர்ன் வாங்கி வந்து கொடுத்தார், நேராக இறங்கும் நீள டாப். எனக்கு மார்பு 39, இடுப்பு 33, சீட் (பின்புறத்தின் பருத்த இடத்துச் சுற்று) 41. கவரில் இருந்த அட்டவணையைப் பார்த்து 18 வெட்டினேன். மார்பு சரியாக இருக்கிறது, ஆனால் தோள் கைப்பக்கம் வழிந்து நிற்கிறது, குனிந்தால் கழுத்து வாய் பிளக்கிறது. அங்கே கடையில் எனக்கு 12தான் சேரும். இங்கே 18 எப்படி வந்தது? (கோயம்புத்தூர் வாசகி)

முதலில் அந்த 18ஐப் பார்த்து மனசு ஒடிய வேண்டாம். பேட்டர்ன் நம்பருக்கும் கடை நம்பருக்கும் சம்பந்தமே இல்லை. ரெடிமேட் கடைக்காரர்கள் நாம் சந்தோஷப்பட வேண்டும் என்று வருஷத்துக்கு வருஷம் நம்பரை இளக்கிக்கொண்டே போனார்கள். பேட்டர்ன் நம்பரோ 1960களின் கடைசியில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சிம்ப்ளிசிட்டி, பட்டரிக், மெக்கால்ஸ், வோக் என்று கவரில் வரும் அமெரிக்கப் பேட்டர்ன்கள் நான்கிலும் 14 என்றால் மார்பு 36, இடுப்பு 28, சீட் 38. 16 என்றால் 38, 30, 40. 18 என்றால் 40, 32, 42. உங்கள் 39க்கு நீங்கள் 18ஐ எடுத்ததில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் எந்த அளவை வைத்துத் தேடினீர்கள் என்பதில்தான் பிசகு.

அட்டவணையில் மார்பு 36 என்று போட்டால், அந்தப் பேட்டர்ன் வரைந்தவர் மனதில் ஒரு உருவம் இருக்கிறது. அக்குளுக்குக் கீழே, மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றினால் 34, மார்பின் முழுச் சுற்று 36, அதாவது இரண்டுக்கும் 2 இன்ச் வித்தியாசம் உள்ள ஒருத்திக்கு அவர் வரைந்திருக்கிறார். உங்கள் மேல் மார்பு அளவை நீங்கள் எழுதவில்லை. தோள் வழிவதையும் கழுத்து பிளப்பதையும் வைத்துப் பார்த்தால் 34 பக்கம்தான் இருக்க வேண்டும், எதற்கும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அப்படியானால் உங்கள் எலும்பு 14, மார்பு மட்டும்தான் 18ஐ ஒட்டி நிற்கிறது. 18 வெட்டியதால் மார்புக்குத் தேவையான துணியோடு கழுத்து, தோள், கைக்குழி, முதுகு எல்லாமே சேர்ந்து பெருத்துவிட்டன. மார்பு பெரிதானால் தோள் எலும்பு நீளுமா என்ன?

என் கணக்கு இதுதான்: மேல் மார்போடு 2 கூட்டுங்கள், அதை அட்டவணையில் மார்பு அளவாகத் தேடுங்கள். 34க்கு 36, ஆக 14. சிலர் 2 கூட்டாமல் மேல் மார்பையே அப்படியே தேடச் சொல்வார்கள், கவர் பேட்டர்ன்கள் கொஞ்சம் லூஸாகவே வரைந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். குறுகின தோள் உள்ளவர்களுக்கு அது சரியாக வரும், எனக்கு அப்படி வெட்டி இரண்டு முறை முதுகு பிடித்துக்கொண்டது, அதனால் நான் சொல்வதில்லை.

சரி, 14 எடுத்தாச்சு. மார்புக்கு 36 இருக்கிறது, வேண்டியது 39. குறை 3 இன்ச். முன்பாகம் இரண்டு பாதி, ஒவ்வொரு பாதிக்கும் ஒன்றரை. இந்த ஒன்றரையைச் சைடு தையலில் ஒட்டினால் அக்குளில்தான் துணி சேரும், மார்பு இழுத்துக்கொண்டே இருக்கும். பேப்பரை மார்பு முனையில் திறக்க வேண்டும். டிரேஸ் எடுத்த பேப்பரில் உங்கள் மார்பு முனையைக் குறித்துக்கொள்ளுங்கள் (தோளும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து முனை வரை டேப் வைத்தால் உயரம் கிடைக்கும்). அங்கிருந்து கீழ் விளிம்பு வரை நேராக ஒரு கோடு, அதே புள்ளியிலிருந்து கைக்குழியின் கீழ்ப் பகுதிக்குச் சாய்வாக ஒரு கோடு, சைடு டாட்டின் (மார்புக்கு இடம் கொடுக்கப் பிடித்துத் தைக்கும் கூர் மடிப்பு) நடுவழியாக முனைக்கு இன்னொரு கோடு. கீழிருந்து முனை வரை வெட்டி, அப்படியே கைக்குழிப் பக்கம் திரும்பி ஓரத்தில் ஒரு நூல் அளவு விட்டு நிறுத்துங்கள். சைடிலிருந்தும் முனைக்கு ஒரு நூல் முன்னால் வரை வெட்டுங்கள். இப்போது சைடுப் பக்கத் துண்டை மெதுவாக வெளியே தள்ளினால் பேப்பர் கதவு மாதிரி திறக்கும். நேர்க்கோட்டின் இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் இடைவெளியில் இணையாக நிற்கும் வரை தள்ளுங்கள். சைடு டாட் தானே அகலமாகிவிடும், அதுதான் உங்கள் மார்பு உட்காரப்போகும் இடம். நடுப்பக்கத் துண்டு சைடை விடக் குட்டையாகத் தெரியும், அதைக் குறுக்கே வெட்டிக் கீழே இறக்கி விளிம்பைச் சமமாக்கி, அடியில் புதுப் பேப்பர் ஒட்டிவிடுங்கள். டாட்டைத் திரும்ப வரையும்போது நுனி முனைக்கு ஒரு இன்ச் தள்ளியே நிற்கட்டும், முனை வரை கொண்டுபோனால் கூம்பு மாதிரி துருத்தும்.

இதில் ஒரு சந்தோஷம். கீழ் விளிம்பு வரை திறந்ததால் இடுப்பிலும் சீட்டிலும் அதே 3 இன்ச் கிடைத்துவிட்டது. சீட் 38, இப்போது 41, உங்கள் அளவு 41. தொடவே வேண்டாம். இடுப்பு 28, இப்போது 31, இன்னும் 2 வேண்டும், நான்கு சைடு ஓரத்திலும் அரை அரை இன்ச் வெளியே வளைத்து வரைந்தால் தீர்ந்தது. வரைந்த கோடு ஸ்கேல் போல ஒடிந்து நிற்காமல் வழுவழுப்பாக வளைய வேண்டும். தைத்தபின் பின்பக்கம் மட்டும் இழுத்தால் பின் ஓரத்தில் கால் இன்ச் விடுங்கள்.

இன்னொன்று, கவரில் உள்ள அட்டவணை உடம்பு அளவு. தைத்து முடித்த உடுப்பின் அளவு உள்ளே பேட்டர்ன் தாளிலேயே, மார்புப் பக்கத்தில் வட்டத்துக்குள் கூட்டல் குறி போட்ட இடத்தில் அச்சடித்திருக்கும். அதிலிருந்து உடம்பு அளவைக் கழித்தால் எவ்வளவு லூஸ் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். 36 உடம்புக்கு 42 என்று போட்டிருந்தால் 6 இன்ச் லூஸ். வெள்ளைக்காரர் கோட்டுக்குச் சரி, நமக்குக் குர்தி மாதிரி வேண்டும் என்றால் 3, 4 போதும். துணியில் கத்தி வைக்கும் முன் இதைப் பார்க்கிறவர்கள் நூற்றில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தையல் கிளாஸில் மார்பு அளவை வைத்து எல்லாவற்றையும் வகுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். என் பெண்ணுக்கு 34, நன்றாக வருகிறது. எனக்கு 42, அதே பார்முலாதான், ஆனால் பின் கழுத்து இறக்கி வைத்தால் ஷோல்டர் நிற்கவே மாட்டேன் என்கிறது. (தஞ்சாவூர் வாசகி)

மேலே கோயம்புத்தூர் அம்மாவுக்குச் சொன்னதேதான், ஆனால் உங்களுக்குப் பேட்டர்ன் கம்பெனியைத் திட்டக்கூட வழியில்லை, வரைந்தது நீங்களே. கழுத்து அகலத்துக்கு மார்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று எடுக்கிறீர்கள். 34க்கு அது மூன்றுக்குக் கொஞ்சம் கீழே, 42க்கு மூன்றரை. இரண்டு பக்கமும் சேர்த்தால் உங்கள் கழுத்து மகளுடையதை விட ஒன்றேகால் இன்ச்சுக்கு மேல் அகலம். நிஜத்தில் இரண்டு பேர் கழுத்திலும் டேப் வைத்துப் பாருங்கள், அவ்வளவு வித்தியாசம் இருக்காது. கைக்குழிக்கு ஆறில் ஒரு பங்கு எடுப்பதும் இப்படித்தான் பெருத்துக்கொண்டு போகும்.

பார்முலா தப்பில்லை. நடுத்தர உடம்புக்கு, 32லிருந்து 36 வரைக்கும், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அதற்கு மேலே போகும்போது ஷோல்டரையும் கழுத்தையும் உடம்பில் எடுத்துத்தான் வரைய வேண்டும், மார்பைக் கேட்டு வரையக் கூடாது. உங்கள் மேல் மார்பு 38 என்றால், கழுத்து, ஷோல்டர், கைக்குழிக்கு மட்டும் 38ஐ வகுத்துக்கொள்ளுங்கள், மார்புக் கோட்டிலிருந்து கீழே 42ஐ வைத்து வரையுங்கள். முன்பாகத்து டாட்டுகளைக் கொஞ்சம் அகலமாகப் பிடிக்க வேண்டி வரும், பிடியுங்கள்.

பின் கழுத்து ஆழமாக வேண்டும் என்றால் இன்னும் கால் இன்ச்சிலிருந்து அரை இன்ச் வரை ஷோல்டரைக் குறைத்து வரைவது வழக்கம், ஏனென்றால் முதுகில் பிடித்து நிறுத்தத் துணியே இல்லை, இரண்டு தோளும் ஆளுக்கொரு பக்கம் நழுவப் பார்க்கும். ஆழமும் அகலமும் ஒரே கழுத்தில் வேண்டும் என்று அடம்பிடித்தால் நாடா கட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. நாடாவும் குஞ்சமும் அழகுக்கு மட்டும் வந்தவை அல்ல.

கையைத் தூக்கினால் ஜாக்கெட் முழுக்க மேலே ஏறுகிறது, பஸ்ஸில் கம்பி பிடிக்க முடியவில்லை. டெய்லரிடம் சொன்னேன், கைக்குழியை இன்னும் ஒரு இன்ச் இறக்கிக் கொடுத்தார். இப்போது முன்னைவிட மோசம். (சென்னை, அலுவலகம் போகும் வாசகி)

இறக்கினால் மோசமாகத்தான் ஆகும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் யோசித்துப் பாருங்கள்: கையும் உடம்பும் சேரும் இடம் அக்குள். ஜாக்கெட்டில் கையும் உடம்பும் சேரும் இடம் கைக்குழியின் அடி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை தூக்கும்போது கைத்துணி மட்டும் போகும். அடி கீழே இருந்தால் கை உடம்புத் துணியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வவ்வால் சிறகு மாதிரி.

உங்களுக்கு முதலில் இறுக்கமாக இருந்தது பெரும்பாலும் கைக்குழி இல்லை, கைச்சுற்று. மேல்கையின் பருத்த இடத்தில் டேப் வைத்து, அதோடு ஒன்று, ஒன்றரை இன்ச் லூஸ் கூட்டி, கைத்துண்டின் அந்த இடத்து அகலத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் கையில்தான் சேர்க்க வேண்டும். கைத்துண்டின் மேல் வளைவு ரொம்ப உயரமாகக் குன்று போல இருந்தாலும் கை தொங்கவிட்டால் அழகு, தூக்கினால் சிறை. அந்த உயரத்தை அரை இன்ச் குறைத்து, குறைத்த நீளத்தை அகலத்தில் விட்டால் கை தாராளமாக அசையும். கொஞ்சம் சுருக்கம் விழும், விழட்டும், நீங்கள் பஸ்ஸில் போக வேண்டும்.

வெட்டின கைக்குழியை ஒட்ட வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சைடு தையலுக்குள் ஒன்றரை இன்ச் துணி விட்டிருந்தால் அக்குளில் ஒரு சின்னத் துண்டு, முக்கோணமாகவோ சதுரமாகவோ, வைத்துத் தைத்துத் தப்பிக்கலாம். பழைய காலத்து ரவிக்கைகளில் அக்குள் கட்டை என்று ஒரு துண்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பாட்டிகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரிந்துதான் இருந்தது.

மனைவிக்காக நெட்டில் பேட்டர்ன் வாங்கி வீட்டு பிரின்டரில் எடுத்துத் தைத்தேன், 38 அளவு. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறது. நான் புதிதாகக் கற்றுக்கொள்கிறவன், எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. (பெங்களூரு வாசகர்)

தம்பி, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடித்தால் தையலில் தப்பு இருக்காது, பிரின்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். தாளுக்குள் அடக்கு என்கிற செட்டிங் தானாகவே போட்டிருக்கும், அது ஓரத்துக்கு இடம் விட்டுப் படத்தைச் சுருக்கிவிடும். முதல் பக்கத்தில் ஒரு சோதனைச் சதுரம் இருக்குமே, 10 சென்டிமீட்டரோ 4 இன்ச்சோ, அதை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 10க்குப் பதில் 9.6 வந்தால் நூற்றுக்கு நான்கு போய்விட்டது, உங்கள் 38 இப்போது முப்பத்தாறரை. நூறு சதவீதம் என்று மாற்றி அந்த ஒரு பக்கத்தை மட்டும் முதலில் எடுத்து அளங்கள், பிறகு மீதி முப்பது பக்கம்.

சதுரம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், தையலுக்கு விடும் துணி. அமெரிக்கக் கவர் பேட்டர்ன்களில் 5/8 இன்ச் சேர்த்தே வரைந்திருப்பார்கள். புர்டா என்ற ஜெர்மன் தையல் பத்திரிகையின் பேட்டர்ன் தாளில் அது கிடையாது, டிரேஸ் எடுத்தபின் நாமே சுற்றிலும் விட வேண்டும். நெட்டில் விற்கிறவர்கள் ஆளுக்கொரு விதம். விடாமல் வெட்டினால் ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் துணி உள்ளே போய், உடம்பைச் சுற்றி இரண்டரை இன்ச் வரை காணாமல் போகும். உங்கள் அறிகுறியும் அதுதான்.

மனைவிக்குத் தைக்கிற ஆண்கள் நிறைய எழுதுங்கள், எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பழைய அளவு ஜாக்கெட்டை வைத்துப் பேட்டர்ன் எடுக்கலாமா? (விருதுநகர் வாசகி)

எடுக்கலாம், ஆனால் அது உங்கள் உடம்புக்குப் பழகி இழுத்துப்போன ஜாக்கெட். கழுத்தும் கைக்குழியும் நீண்டிருக்கும். ஒரு பக்கத்தைப் பிரித்துவிட முடிந்தால் பிரித்து, இஸ்திரி போட்டுத் தாளில் வைத்து வரையுங்கள். பிரிக்க மனசில்லை என்றால் கழுத்து, ஷோல்டர் இரண்டையும் உடம்பில் அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாவாடை சட்டைக்குப் பேட்டர்ன், 6 வயது என்று போட்டதை எடுத்தேன், என் மகளுக்குச் சட்டை தொளதொளவென்று, பாவாடை கெண்டைக்காலில். (மதுரை வாசகி)

வயதைப் பார்க்காதீர்கள். மார்பைப் பார்த்துச் சட்டை அளவு, உயரத்தைப் பார்த்து நீளம். ஒல்லியான உயரப் பிள்ளைக்கு 4 வயது அகலத்தில் 7 வயது நீளம் வெட்டுவது ரொம்ப சகஜம். பாவாடையில் மூன்று டக்கு (குறுக்கே மடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்துவிடுங்கள், வருஷத்துக்கு ஒன்று பிரிக்கலாம். பட்டுப் பாவாடையில் பிரித்த கோடு தெரியும், அதன்மேல் ஒரு ஜரிகை ஓரம்.

கைத்தறிப் பருத்தியில் தைத்த டாப் ஒரு துவைப்பில் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பேட்டர்னை ஒரு சைஸ் கூட்டிவிடட்டுமா? (சேலம் வாசகி)

வேண்டாம். துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து அப்புறம் வெட்டுங்கள். லைனிங் துணியையும் சேர்த்துத்தான், மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் ஜாக்கெட் கூன் போட்டு நிற்கும். நூற்றுக்கு மூன்று சுருங்கினாலே 38ல் ஒரு இன்ச்சுக்கு மேல் போய்விடுகிறது.

என் அம்மாவுக்கு 74 வயது. முதுகு வளைந்துவிட்டது. எந்த ஜாக்கெட் தைத்தாலும் பின்பக்கம் மேலே ஏறி இடுப்பு தெரிகிறது, முன்பக்கம் துணி தொங்குகிறது, கழுத்து பின்னால் முதுகைத் தொடாமல் நிற்கிறது. பெரிய சைஸில் தைத்தும் பார்த்தாச்சு. அம்மா இப்போது புடவை கட்டுவதையே தவிர்க்கிறார். (திருநெல்வேலி வாசகி)

இந்தக் கடிதத்தைக் கடைசிக்கு வைத்தேன், ஏனென்றால் என் அம்மாவுக்கும் இதே கதை. நானும் முதலில் செய்தது பெரிய சைஸ்தான். நாற்பது வருஷம் ஊருக்கெல்லாம் தைத்தவள், சொந்த அம்மாவின் முதுகைத் திரும்பிப் பார்க்காமல் மார்பு அளவையே திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு அகலம் குறையவில்லை, பின்பக்கம் நீளம் குறைகிறது. கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை முதுகின் வளைவு மேலேயே டேப்பை ஓட்டி எடுங்கள், அதே மாதிரி முன்பக்கம் தோளிலிருந்து மார்பு வழியாக இடுப்புக்கு. சாதாரணமாக முன் நீளம்தான் அதிகம் வரும். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் சமமாகவோ பின் நீளம் அதிகமாகவோ வரலாம். பேட்டர்னில் உள்ள பின் நீளத்துக்கும் அம்மாவின் அளவுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவையும் முதுகு வளைகிற உயரத்தில் சேர்க்க வேண்டும், கீழே விளிம்பில் ஒட்டினால் பிரயோஜனமில்லை.

பின்பாகத்தின் பேப்பரில் தோள்பட்டை எலும்பு வருகிற உயரத்தில், நடு முதுகிலிருந்து கைக்குழி வரை குறுக்கே ஒரு கோடு போட்டு வெட்டுங்கள், கைக்குழி ஓரத்தில் நூல் அளவு விட்டுவிடுங்கள். மேல் துண்டை நடுவில் தூக்கித் திறங்கள், அரை இன்ச்சில் ஆரம்பித்து ஒரு இன்ச் வரை. கைக்குழி அளவு மாறாது, முதுகு மட்டும் நீளும். திறந்ததால் நடு முதுகுக் கோடு வளைந்து நிற்கும். அதை நேராக்கினால் கழுத்து அகலமாகிவிடும், அந்த அதிகத்தைக் கழுத்தில் இரண்டு பக்கமும் குட்டி டாட்டாகப் பிடித்துவிடுங்கள். அந்த டாட்தான் கழுத்தை முதுகோடு அணைத்து நிறுத்தும். பின் கழுத்தை மேலேயே வையுங்கள். முன்பக்கம் தொங்குகிற துணியை மார்புக்கு மேலே, கழுத்துக்கும் கைக்குழிக்கும் நடுவில், பேப்பரில் கால் இன்ச்சோ அரை இன்ச்சோ மடித்து எடுத்துவிடலாம். அப்படி எடுத்தால் முன் கைக்குழி அந்த அளவு சிறுக்கும், கைத்துண்டின் முன்பக்கத்திலும் அதே அளவு குறைத்துக்கொள்ளுங்கள். வளைந்த முதுகில் தோளும் முன்னால் தள்ளியிருக்கும், அதனால் தோள் தையலையே அரை இன்ச் முன்பக்கம் நகர்த்தி வரைந்தால் தையல் தோளின் உச்சியில் போய் உட்காரும்.

நல்ல துணியில் முதலில் வேண்டாம். மீட்டர் கணக்கில் காடாத் துணி வாங்கி, இல்லாவிட்டால் பழைய வேட்டியில், பெரிய தையலாகப் போட்டு அம்மாவுக்கு மாட்டிப் பாருங்கள். நிற்க வைத்து மட்டும் பார்க்காதீர்கள், நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள், காபி டம்ளரை எடுக்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து நில்லுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், அளவெடுக்கும்போது பெண் சொல்கிறாளே என்று அவர்கள் சிரமப்பட்டு நிமிர்வார்கள், எல்லா அளவும் தப்பாகிவிடும். கொக்கியை முன்பக்கமே வையுங்கள், கொஞ்சம் பெரிய கொக்கியாக, எண்ணிக்கையில் ஒன்று குறைவாக.